வண்டைத் தின்னும் பூசணமும் என் வாயும்

1. பங்களா பிரிட்ஜில் பூசணம்

தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசராகச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பூசணம் என்றால் எதிரி. கொழுந்தில் கொப்புளம் போட்டால் பூசணம். வேர் அழுகினால் பூசணம். மழைக்காலத்தில் நான் காலில் போடும் சப்பாத்துக்குள் முளைப்பதும் பூசணம். இவற்றை ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள் (சப்பாத்தைத் தவிர, அதை என் மனைவி பிலோமினா சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டாள்). ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது, அதே பூசணத்தைப் பெட்டியோடு என் கையில் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு துரை பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். பங்களாச் சமையல்காரரை எல்லோரும் அப்பு என்றே கூப்பிடுவோம். அப்பு பாக்கெட் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"என்ன ஐயா இது, மாவா?"

"பூசணம். பிரிட்ஜில வைக்கணும். வெளிய வெச்சா செத்துரும்."

"பூசணத்தைப் பிரிட்ஜில வைக்கிறதுக்குத் தோட்டத்துல எதுக்கு ஆபிசரு? தொரையோட சீஸைப் பாருங்க, யாரும் வைக்காமலே வளந்து நிக்குது."

அப்படி, சீஸுக்கும் முட்டைக்கும் நடுவில் பூசணத்துக்கு இடம் கிடைத்தது.

எங்கள் தோட்டம் இலங்கையில், கஹவத்தை டவுனுக்கு மேலே. ஏழாம் நம்பர் மலையில் ஷொட் ஹோல் போரர் விழுந்திருந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வண்டு அது. தேயிலைக் கிளையில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை போட்டு உள்ளே குடியேறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் செடி பச்சைப் பசேலென்று நிற்கும். கொழுந்து பறிக்கிறவர் கிளையைச் சற்று விலக்கினால் மளுக்கென்று ஒடிந்து கையோடு வரும். இந்த வண்டு துளைக்குள் சும்மா இருப்பதும் இல்லை. சுவரெல்லாம் ஒரு பூசணத்தைப் பயிர் செய்து, அதைத்தான் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்கிறது. எங்கள் தோட்டத்துக்குள்ளே அது தனியாக ஒரு தோட்டம் நடத்தியது. எங்களைவிட நன்றாகவே நடத்தியது.

இதற்கு நாங்கள் அடித்து வந்தது கடுமையான மருந்து. அதை அடிப்பவர்களில் முதல் ஆள் யோகராஜா. டேங்கை முதுகில் ஏற்றினால் மலைச்சரிவில் ஆடு மாதிரி ஏறுவான். ஆனால் சில காலமாக மருந்தடித்த நாளில் அவனுக்குத் தலை சுற்றியது, கை நடுங்கியது. பால் விடாத தேநீர்ச் சாயத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். இந்த மருந்தை விட்டுவிடு என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். ஆள் பற்றாக்குறையான தோட்டத்தில், மருந்தடிக்கத் தெரிந்தவனை யார் விடுவார்கள்? அவன் மனைவி ரோஸ்மேரி கொழுந்து பறிப்பவள். இன்னொரு தடவை நஞ்சு டேங்கைத் தூக்கினால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ரோஸ்மேரி சொன்னால் செய்வாள் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு இளம் சிங்கள மிஸ், இந்தப் பூசணத்தோடு வந்தார். வண்டைத் தின்னும் பூசணம். பங்கசு என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் தோட்டத்தில் பூசணம் என்போம். துரை யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏழாம் நம்பர்ல மட்டும் அடிச்சுப் பார்ப்போம் பெனடிக்ட். சரி வந்தா அந்த மலைக்கு இனி நஞ்சு வேணாம். யோகராஜாவை இதுலேயே போடலாம். சரி வரலைன்னா பழைய மருந்துதான், பழைய ஆள்தான்."

இதைக் கேட்டதும் யோகராஜா ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து டேங்குகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். பழைய மருந்தின் வாடை இருந்தால் பூசணம் செத்துவிடும் என்று மிஸ் சொல்லியிருந்தார். சோற்றுப் பானையைக்கூட யாரும் அப்படிக் கழுவியதை நான் பார்த்ததில்லை.

2. மிஸ் சொன்னதும் நான் சேர்த்ததும்

விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டு என் மேடை. என் பகிடிக்காகவே, கேலிப் பேச்சுக்காகவே, ஆட்கள் நேரத்தோடு வருகிறார்கள் என்று பல வருடம் நம்பி வந்தவன் நான்.

அன்று பெரட்டுக்கு மிஸ் வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதற்குள் ஒரு புழு. பஞ்சில் போட்டு உருட்டியது போல உடம்பெல்லாம் வெள்ளை. போரர் வண்டு மிகச் சிறியது என்பதால், பூசணம் என்ன செய்யும் என்று எல்லோரும் பார்ப்பதற்காகப் பெரிய புழுவொன்றில் அதை வளர்த்துக் கொண்டுவந்திருந்தார். அவர் சிங்களத்தில் விளக்கினார். வயதானவர்கள் சிலருக்குச் சிங்களம் ஓடாது என்பதால் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

மிஸ் சொன்னது இவ்வளவுதான். பூசணத்தின் விதை தூசியைவிடச் சின்னது. பூச்சியின் தோலில் ஒட்டினால், ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே இருப்பதைத் தின்று வளரும். பூச்சி செத்த பிறகு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும்.

நான் தமிழில் சொன்னது: "வெளங்குச்சா? கூப்பிடாத மாப்பிள்ளை மாதிரி வண்டு வீட்டுக்குள்ள போயி, சோறு கறி எல்லாம் தின்னு தீத்துட்டு, வீட்டுக்காரன் செத்ததுக்கப்புறம் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வெளிய வந்து நிக்கும்."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சூடு ஏறிவிட்டது.

முன்வரிசையில் நின்ற முனியம்மா கேட்டாள்: "ஐயா, மனுசனுக்கு இது புடிக்காதா?"

நான் மிஸ்ஸிடம் கேட்டேன். "மினிஸ்ஸுன்ட கரதரயக் நே" என்றார் அவர். மனிதருக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று அர்த்தம். தூள் மூக்கில் போகாமலிருக்க மாஸ்க் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

அதை அப்படியே சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் யோகராஜா எனக்கு எதிரே நின்றான். அவன் கழுத்தில் கொஞ்ச நாளாகத் தேமல். வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. என் வாய்க்கு அது போதும்.

"மனுசனுக்கு ஒன்னும் செய்யாதாம். மிஸ் சொல்றாங்க. ஆனா நம்ம யோகராஜா கழுத்தைக் கொஞ்சம் பாருங்க. நேத்துதான் பாக்கெட்டைத் தூக்குனான், இன்னைக்கே முளைச்சு நிக்குது!"

பெரட்டுக்களம் அதிர்ந்தது. யோகராஜாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கொலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "மூடாதடா, வெயில் பட்டா இன்னும் நல்லா பூக்கும்" என்று இன்னொன்றும் போட்டேன்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். "சந்தோசம் மிஸ், எல்லாருக்கும் நல்லா வெளங்கிருச்சு" என்றேன். பாவம், அவரும் மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

3. பகிடி லயத்துக்குப் போனது

என் பகிடி அன்று பின்னேரமே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்விட்டது. ஆனால் பகிடியாகப் போகவில்லை. யோகராஜாவின் கழுத்தில் பூசணம் முளைத்திருக்கிறது, ஐயாவே காட்டினார், மிஸ் தலையாட்டினார் என்று போயிருக்கிறது. தேமலும் ஒரு வகைப் பூசணம்தான் என்பதால், இந்த மூன்றில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

மறுநாள் சாயத்தண்ணி நேரத்தில் யோகராஜா குடித்துவிட்டு வைத்த கோப்பையை யாரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அவனுக்கென்று தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டை வந்துவிட்டது. கஹவத்தை பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நான் அடுத்த பெரட்டுக்குப் பகிடி தேடிக்கொண்டிருந்தேன்.

மருந்தடிக்கும் நாள் வந்தது. வெயில் இறங்கிய பிறகுதான் பூசணத்தை அடிக்க வேண்டும் என்பதால் பின்னேர வேலைக்கு ஆட்களைப் பிரித்திருந்தேன். ஏழாம் நம்பர் மலை அடிவாரத்தில் டேங்குகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் யோகராஜா மட்டும் நின்றான்.

"மத்தவனுங்க எங்கடா?"

"வரமாட்டாங்கய்யா."

"ஏன், பெரகர ஊர்வலம் பாக்கப் போயிட்டானுங்களா?"

யோகராஜா சிரிக்கவில்லை. "நீங்க சொன்னதுதான்யா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. லயத்துக்கு இறங்கினேன். மருந்துக் கூட்டத்தில் மூத்தவன் சந்தனம், வாசலில் நின்று பல்லுக் குத்திக்கொண்டிருந்தான்.

"ஐயா, புல்லு வெட்டச் சொல்லுங்க, வெட்டுறேன். தண்ணிக் கான் வெட்டச் சொல்லுங்க, வெட்டுறேன். அந்தப் பூசணத்தை மட்டும் தூக்கச் சொல்லாதீங்க. புள்ளகுட்டிக்காரன்."

"டேய், அது பகிடிடா!"

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. அவன் கழுத்தை நானும் பாத்தேன்ல."

துரைக்கு விஷயம் போனது. ஒபிசுக்குக் கூப்பிட்டார். "மொகத பெனடிக்ட் மே?" என்று ஆரம்பித்தார், என்ன இது என்று அர்த்தம். கோபம் வந்தால்தான் துரைக்குச் சிங்களம் முதலில் வரும். "பூசணத்துக்கும் உசிரு இருக்கு. பிரிட்ஜில எத்தனை நாளைக்கு வெச்சிருக்க? இந்தக் கிழமைக்குள்ள அடிக்கலைன்னா பழைய மருந்தை எடு. யோகராஜாவுக்கே டேங்கைக் கொடு. எனக்குப் பகிடி வேணாம்."

4. புள்ளக்காம்பரா வாசலில்

ஒபிசிலிருந்து வெளியே வந்து குறுக்குப் பாதையில் நடந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பரா அந்த வழியில்தான். ரோஸ்மேரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகள் ஜெனி. கொழுந்துக் கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"ஏன் ரோஸ்மேரி, மலைக்குப் போகலையா?"

"புள்ளையை உள்ள எடுக்க மாட்டாங்களாம். மத்த புள்ளைங்களோட அம்மாமாரு சண்டைக்கு வர்றாங்களாம். டீச்சரு என்னா செய்யும்?"

"அய்யய்யோ, அது சும்மா ஒரு..."

"பகிடி. தெரியும் ஐயா. உங்களுக்கு அது பகிடி. இதைப் பூசணப்புள்ளன்னு கூப்பிடுறாங்க. இதுவும் கூப்பிட்டதும் திரும்பிப் பாக்குது, அதுதான் தன் பேருன்னு."

அவள் எழுந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஐயாவோட புள்ளைங்க ரெண்டும் கொழும்புல. அங்க யாரும் அவங்களுக்குப் பேரு வைக்க மாட்டாங்க. அந்த மனுசன் நஞ்சுல இருந்து தப்பிச்சிரலாம்னு டேங்கைத் தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு. இப்ப யாரும் தூக்கலைன்னா திரும்ப நஞ்சுதானே? நான் ஞாயித்துக்கிழமை எம்பிலிப்பிட்டியவுக்குப் போறேன் ஐயா. அவரு வந்தா வரட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. பிள்ளை எனக்குக் கையை ஆட்டியது.

5. யாரும் நம்பாத உண்மை

வாயால் கெடுத்ததை வாயாலேயே சரி செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் பெரட்டில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. நான் யோகராஜாவைப் பத்திச் சொன்னது பொய். அவன் கழுத்துல இருக்கிறது சாதாரணத் தேமல். பூசணம் மனுசனை ஒன்னும் செய்யாது. நான் பகிடிக்குச் சொன்னேன். மன்னிச்சிருங்க."

பின்வரிசையில் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது.

"ஐயா மூஞ்சியைப் பாருங்கடி! பூசை வெக்கிற சாமி மாதிரி!"

"சிரிக்காதீங்க! உண்மையாத்தான் சொல்றேன்!"

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "மாதா சத்தியமா!" என்று கத்தினேன். அதுதான் பெரிய பிழை. லயத்துக்குப் பின்னால் சிறுத்தை வந்திருக்கிறது என்று ஒருமுறை இதே சத்தியத்தை வைத்து எல்லோரையும் ஓட விட்டவன் நான். முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "போதும்யா, வயிறு வலிக்குது. வேலையைக் குடுங்க."

பொய்யைச் சொன்னபோது நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது சிரித்தார்கள். யோகராஜா ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு மற்றவர்கள் நின்றார்கள். அந்த இரண்டு இடமும் நான் உண்டாக்கியவை. என் வாழ்நாளில் அன்றைக்குப் போல எனக்கு வெட்கம் வந்ததில்லை.

6. டேங்க் தூக்கிய ஐயா

தோட்டத்தில் உத்தியோகத்தர் டேங்க் தூக்குவதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம்தான். குடை பிடிக்கலாம், கையைக் காட்டலாம், சத்தம் போடலாம். முதுகில் சுமை ஏற்றினால் மரியாதை போய்விடும் என்று நானும் நினைத்திருந்தவன்தான். போவதற்கு இனி மரியாதை என்ன இருக்கிறது என்று தோன்றியது.

அன்று பின்னேரம் பங்களா பிரிட்ஜிலிருந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனேன். யோகராஜாவைத் தவிர யாரும் இல்லை. கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டித் துளிர்த்து வரும் மலை அது. கிளையெல்லாம் திறந்து கிடந்ததால் மருந்து பிடிக்க வசதி. தூளைக் கரைத்தோம். அரிசி கழுவிய தண்ணீர் போல வந்தது. நான் ஒரு டேங்கை எடுத்து முதுகில் மாட்டப் பார்த்தேன்.

"ஐயா, வேணாம்!"

"மாட்டிவிடுடா."

இடுப்புப் பட்டி என் வயிற்றைச் சுற்றி வரவில்லை. யோகராஜா அதைக் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்தும் பார்த்தான், பிறகு கயிறு வைத்துக் கட்டிவிட்டான். மாஸ்க்கும் போட்டுக்கொண்டேன். ஒன்றும் செய்யாதென்றால் எதற்கு மாஸ்க் என்று எதிர்மலையில் இருந்து யாரோ கத்தினார்கள். மா அரைக்கிற மில்லில் இருப்பவனும்தான் மூக்கைக் கட்டுகிறான் என்று பதிலுக்குக் கத்தினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அது யாருக்கும் கேட்டிருக்காது. எதிர்மலையில் கொழுந்து பறித்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா டேங்க் தூக்குவதைப் பார்க்க யாருக்குக் கொடுத்து வைக்கும்?

இரண்டாவது வரிசையில் வழுக்கினேன். டேங்க் மூடி திறந்து, கரைசல் முழுக்கத் தலையிலிருந்து கால் வரை ஊற்றியது. வெள்ளையாக எழுந்து நின்றேன். எதிர்மலையிலிருந்து வந்த சத்தத்தைக் கஹவத்தை டவுனில் கேட்டிருப்பார்கள். யோகராஜா ஓடி வந்து டேங்கைக் கழற்றி, திரும்ப நிரப்பிக் கொடுத்தான்.

பக்கம் பக்கமாக நடந்து அடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து நான் ஆரம்பித்தேன்.

"யோகு, அன்னைக்கு நான் பேசுனது தப்புடா."

"உடுங்கய்யா."

"இல்ல, தப்பு."

அவன் கைப்பம்பை அடித்துக்கொண்டே சொன்னான்: "ரோஸ்மேரி உங்களை ஏசல ஐயா. என்னையத்தான் ஏசுறா. ஐயா சொன்னாரு சரி, நீ ஏன் கூடச் சேந்து சிரிச்சேன்னு கேக்குறா."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "நீ ஏன்டா சிரிச்ச?"

"ஐயா சொன்னா சிரிக்கணும்ல?"

அதற்குப் பிறகு டேங்க் கனக்கவில்லை. வேறொன்று கனத்தது. பெரட்டில் நான் பகிடி விடும் நேரம் எது? பெயர் கூப்பிடுவதற்கு முன்னால். யாருக்கு லேசான வேலை, யாருக்குக் கஷ்டமான மலை என்று நான் சொல்லப் போகும் அந்தக் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் எவன் சிரிக்காமல் நிற்பான்? தோட்டத்திலேயே பெரிய பகிடிக்காரன் நான்தான் என்று அத்தனை வருடமும் மார் தட்டியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் பகிடிக்குச் சிரித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

7. என் கழுத்து

அன்றிலிருந்து தோட்டமே என் கழுத்தைப் பார்க்கத் தொடங்கியது. பூசணத்தில் முழுகி எழுந்தவன் அல்லவா? பார்க்கட்டும் என்றே கொலரில்லாத பனியன் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தேன். முனியம்மா பக்கத்தில் வந்து, குனிந்து, கோழியைத் தேர்ந்தெடுப்பது போல அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டுப் போவாள். நான் திரும்பி நின்று மறுபக்கத்தையும் காட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் வாங்குப் பெஞ்சில் நானும் பிலோமினாவும் மட்டும்தான். அவளும் சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்தாள். "என்னடி நீயுமா?" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். நனைந்ததில் எனக்குச் சளித் தடிமன் வேறு. இருமினால் முடிந்தது கதை. பூசை முழுக்க இருமலைத் தொண்டைக்குள் வைத்து அழுத்தியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன பக்தி என்று பங்குத் தந்தை நினைத்திருப்பார். ஒரு பூசை நேரம் மட்டும் எனக்கு அப்படி. யோகராஜாவுக்கு ஒவ்வொரு நாளும் முழுக்க அப்படித்தான் இருந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மேரி பஸ் ஏறவில்லை. பழைய மருந்து வெளியே எடுக்கப்படவில்லை என்பதால் கொஞ்சம் பொறுத்திருக்கிறாள் என்று யோகராஜா சொன்னான். என் முகத்துக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும்.

என் கழுத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. வியர்க்குருகூட வரவில்லை. அடுத்த முறை அடிக்கப் போனபோது சந்தனம் வந்து ஓரமாக நின்றான். "ஐயாவுக்கே ஒன்னும் ஆகலையே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு ஒரு டேங்கை எடுத்தான். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். புள்ளக்காம்பரா டீச்சர் ஜெனியை உள்ளே எடுத்துக்கொண்டார். சிரட்டை போய்க் கோப்பை வந்தது.

பூசணப்புள்ள என்ற பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அங்கும் அதே பெயர்தான். கூப்பிடும் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

8. யோகராஜாவின் பெரட்டு

மிஸ் திரும்ப வந்து கிளைகளை வெட்டிப் பிளந்து பார்த்தார். துளைகளுக்குள் சில வண்டுகள் உயிரோடு இருந்தன. பல வண்டுகள் வெள்ளைப் பஞ்சு போர்த்திக் கிடந்தன. நல்லது என்ற அர்த்தத்தில் "ஹொந்தய்" என்றார். முழு வெற்றி இல்லை, ஆனால் மழைக்காலம் பார்த்துத் தொடர்ந்து அடித்தால் பலன் கூடும் என்று துரையிடம் விளக்கினார். துரை ஒரு கிளையைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தார். "ஏழாம் நம்பருக்கு இனி நஞ்சு வேணாம். பூசண வேலைக்கு யோகராஜா பொறுப்பு" என்றார்.

அன்று பின்னேரம் யோகராஜா ஒபிஸ் வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, அதற்கேற்ற முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஐயா, ஒன்னு கேக்கலாமா?"

"கேளு யோகு."

"இனிமே மருந்தைப் பத்தி ஆளுங்களுக்கு நானே சொல்லிக்கிறேன் ஐயா. நீங்க சொல்ல வேணாம்."

"மிஸ் வந்தா சிங்களத்துலல்ல பேசுவாங்க?" என்றேன்.

"எனக்குச் சிங்களம் தெரியும் ஐயா. அன்னைக்கும் தெரியும்."

கரதரயக் நே என்று மிஸ் சொன்னதை அவன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு நான் அதை என்ன செய்தேன் என்பதையும் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் சிரித்திருக்கிறான்.

"சரி யோகு. நீயே சொல்லு" என்றேன்.

புதிதாகத் தோட்ட வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கையில் பெயர் கூப்பிடும் வேலை இருக்கும்வரை, உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் சிரிப்பை வைத்து உங்களைப் பற்றி ஒன்றும் முடிவு செய்துவிடாதீர்கள். பகிடி விட ஆசை வந்தால் உங்கள் தொப்பையைப் பற்றி விடுங்கள். சிரிக்க மறுக்க முடியாதவனின் கழுத்தைக் காட்டாதீர்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு முழு உத்தியோக காலமும் தேவைப்பட்டது. அதிலும் கற்றுக்கொண்டது நான், விலை கொடுத்தது இன்னொருவன்.

அடுத்த முறை பூசணம் அடித்த நாளின் பின்னேரப் பெரட்டில், களத்தின் கடைசி வரிசைக்குப் போய், சந்தனத்துக்குப் பக்கத்தில் நின்றேன். யோகராஜா முன்னால் போய் நின்றான். பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இது வண்டுக்குத்தான். நமக்கு ஒன்னும் செய்யாது. தூளு மூக்குல போகாம மாஸ்க் போடணும். வெயில் இறங்குனப்புறம் அடிக்கணும். டேங்கை நல்லா கழுவிட்டு ஊத்துங்க. முடிஞ்சதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க."

அவ்வளவுதான். உப்பு உறைப்பு இல்லாத பேச்சு. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் டேங்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள்.